கிழக்குப் பாறையின் மேகங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பது என் வேலை. கனகபுரத்துக்கு அப்பாலுள்ள மலைகளில் கோபுரங்கள் நட்டு உச்சியில் கேமரா வைத்திருக்கிறார்கள். படத்தில் சாம்பல் நிறத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தால் கணினி அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடும். கட்டத்துக்குள் இருப்பது என்னவென்று நான் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு பொத்தான்கள் உண்டு: தீ, மூடுபனி, மேகம், தூசி. இருபது நொடிக்குள் ஒன்றை அழுத்தாவிட்டால் நான் தூங்கிவிட்டதாக மேலாளருக்குச் செய்தி போய்விடும்.

சேர்ந்த முதல் வாரமே 'மற்றவை' என்று ஐந்தாவது பொத்தான் ஒன்று வேண்டும் என எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒன்று இருந்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்ததில் அது நியாயமாகவே பட்டது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே இரண்டே வகைதான், சரி அல்லது தள்ளுபடி. நான்கு என்பதே எனக்கு அதிகம்.

கையேட்டின் பதினோராம் பக்கத்தில் 'புகை தெரிந்தால் தீ' என்று இருக்கிறது. நான் தீ என்று அழுத்தியதும் அந்த மலைக்குரிய வன அலுவலகத்துக்கு ஒரு சீட்டு போகும். சீட்டில் இடம், நேரம், பக்கத்துக் குடியிருப்பின் பெயர், பார்வையாளர் எண் ஆகியவை இருக்கும். என் எண் நான்கு. சீட்டுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று நான் கேட்டதில்லை. கடிகாரம் என் மேசையை விட்டுப் போன பிறகு யார் கையில் ஏறியது என்றும் கேட்டதில்லை.

பங்குனியில் அந்த மலையில் பெரிய தீ வந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். கணினி பின்னணியிலிருந்து வேறுபடும் சாம்பலை மட்டுமே பிடிக்கும். அந்த வாரம் முழுப் படமும் சாம்பலாக இருந்தது. வேறுபட எதுவும் இல்லை. மஞ்சள் கட்டம் ஒன்றுகூட வரவில்லை. மலையில் இருந்தவர்கள் ஃபோன் செய்துதான் அலுவலகத்துக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. எங்கள் பதிவேட்டின்படி அந்த வருடத்தின் மிக அமைதியான வாரம் அதுதான். அந்த அமைதிக்காக மேலாளர் எங்கள் ஆறு பேருக்கும் மசால் தோசை வரவழைத்தார். நான் சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியும் இருக்கிறேன்.

புகைமூட்டம் மெலிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மெலிந்தபின் ஒரு திங்கட்கிழமை காலை 10.40க்கு, பாறை ஒன்றின் நடுவிலிருந்து நூல் போல வெள்ளைப் புகை ஏறியது. தீ என்று அழுத்தினேன். புதன்கிழமை 9.55க்கு அதே பாறை, தீ. வெள்ளிக்கிழமை 10.15க்கு மறுபடியும் தீ. மூன்றும் ஐந்து நொடிக்குள். மேலாளர் வந்து, "சூப்பர் மேடம்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசல் காவலர் ஃபோன் செய்தார்.

"மேடம், உங்களப் பாக்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. உங்க பேரு தெரியல, நாலாம் நம்பர்னு கேக்கறாங்க. ஒருத்தர் தோள்ல கயிறு."

கீழே போனேன். நாற்பது வயதிருக்கும் ஒருவர், பக்கத்தில் அவரைவிட நாலைந்து வயது குறைந்த இன்னொருவர். இளையவர் தோளில் காட்டுக்கொடியை முறுக்கித் திரித்த கனமான வடம் கிடந்தது. வெளியாட்கள் கொண்டுவரும் பொருள்களுக்கான பட்டியலில் லேப்டாப், சார்ஜர், ஹார்ட் டிஸ்க், கேபிள் என்றுதான் இருந்தது. காவலர் நெடுநேரம் யோசித்து 'கேபிள்' என்பதில் டிக் அடித்தார்.

"நீங்கதான் நாலாம் நம்பராக்கா?" என்றார் மூத்தவர்.

"ஆமாம்."

"மூணு தரம் எங்களை எரிச்சிட்டீங்களேக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர்கள் அந்த மலையில் வாழும் பழங்குடியினர், இருளிகர். மூத்தவர் பாறையில் இறங்கித் தேன் எடுப்பவர். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி. மேலே நின்று வடத்தைக் காப்பவர். என்னுடைய மூன்று சீட்டுகளும் அவர்கள் குடியிருப்பின் பெயரில் ஏறியிருந்தன. ஒரே கோடையில் மூன்று ஏறினால் அந்தக் குடியிருப்புக்குத் தேன் எடுக்கும் அனுமதி மழை வரும்வரை நிறுத்தப்படுமாம். மழை வந்தபின் எடுக்கத் தேன் இருக்காது. என் சீட்டு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேலே கூட்டிப்போக லிஃப்டைத் திறந்தேன். மூத்தவர் ஏறவில்லை.

"மச்சான் மொதல்ல மேல போவட்டும். அவன் போய்ச் சேந்துட்டானான்னு தெரிஞ்சாத்தான் நான் வருவேன்."

"இது லிஃப்ட்தாங்க. பயமில்லை."

"இதுவும் கயித்துலதானக்கா தொங்குது? மேல யாரு புடிச்சிருக்காங்க?"

மைத்துனர் முதலில் போனார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு கூவல் கேட்டது. அப்புறம்தான் மூத்தவர் ஏறினார். மேசைகளுக்கு இடையிலிருந்த மறைப்புகளுக்கு மேலாகத் தலைகள் எழுந்து எங்களைப் பார்த்தன.

என் மேசையில் மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்தார்.

"இது தீ இல்லக்கா, பொகை. காஞ்ச எலையச் சுத்திப் பச்ச எலைய வெச்சுக் கொடியால கட்டி எறக்குவோம். தீ புடிச்சா அடை உருகிடும், ஈ செத்துடும். அப்புறம் அடுத்த வருசம் அந்தப் பாறைக்கு யாரு வருவா?"

"தீ இல்லாம எப்படி மாமா பொகை வரும்? அக்கா சொல்றதும் ஹௌதுதான், நெஜந்தான்" என்றார் மைத்துனர்.

"டேய், நீ எந்தப் பக்கம்டா?"

"நான் எப்பவுமே மேல் பக்கம்தான்."

மூத்தவர் என் திரையைப் பார்த்தார். அவருடைய மலை அதில் பேசாமல் நின்றது.

"பெரிய தீ வந்தப்ப நாலாம் நம்பர் எங்கக்கா போயிருந்தீங்க?"

"இங்கேயேதான் இருந்தேன். எதுவும் தெரியலை."

"எங்களுக்கும்தான் தெரியல. அவ்ளோ பொகை."

பிறகு சொன்னார். விளக்குமாற்றுப் புல் போய்விட்டது. நெல்லி கருகிவிட்டது. கல்பாசி, அது ஒட்டியிருந்த மரத்தோடு போனது. முன்பெல்லாம் தை மாதத்திலேயே சருகைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து விடுவார்களாம். இப்போது அது குற்றம். அதனால் சருகு முழங்கால் வரைக்கும் கிடந்தது, உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நின்றது, தீ பிடித்தபோது நிற்கவில்லை. புகைக்குத் தேனீக்கள் பாதிக்குமேல் எங்கோ போய்விட்டன. மிச்சம் கிழக்குப் பாறையில் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. பதினான்கு வீட்டுக்கும் இந்த வருடத்துக்கு இருப்பது அந்தப் பாறைதான்.

"மழைக்கு இன்னும் இருவது நாள் இருக்குமாக்கா? மழை வாடை வந்துச்சுன்னா அதுங்களே தேனைக் குடிச்சிட்டுக் கெளம்பிடும்."

மேலாளரிடம் அழைத்துப் போனேன். நாமக்கல்லிலிருந்து வந்து நான்கு வருடமான பிள்ளை; நல்ல மனசு. முழுதும் கேட்டுவிட்டு, "கரெக்ட் மேடம். இதுக்கு ஒரு ஃபிஃப்த் கேட்டகரி ரெய்ஸ் பண்ணலாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. புது வகை வேண்டுமென்றால் கணினிக்கு மாதிரிப் படம் காட்ட வேண்டும். இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் எழுந்தது தேன் எடுக்கும் புகையேதான் என்று அறிந்து எடுத்த படமாக இருக்க வேண்டும்.

"அப்ப நாளைக்கே பாறையில போட்டுக் காட்டறோம் சாமி" என்றார் மூத்தவர்.

"போடலாமே. உங்ககிட்ட பாஸ் இருக்குல்ல?"

"பாஸைத்தான நிறுத்திட்டாங்க?"

"ஓ. பாஸ் எப்ப வரும்?"

"நீங்க அஞ்சாவது பொத்தான் வெச்சா வரும்."

மேலாளர் தன் குறிப்பேட்டில் ஒரு வட்டம் போட்டு, அதன்மேலேயே இன்னொரு வட்டம் போட்டார். ஜன்னலோரம் நின்றிருந்த மைத்துனர் திரும்பினார்.

"மாமா, இவங்க வீட்டுல நம்மள விட அதிகமா தேன் இருக்கு."

எதிரே எங்கள் கட்டடத்தின் இன்னொரு பக்கம். ஏழாவது மாடி விளிம்பின் கீழ் நான்கு பெரிய அடைகள் கறுப்பாகத் தொங்கின. மலைத்தேனீ. பராமரிப்பு அலுவலகம் அதை அகற்றுவதற்காகச் சித்திரை முதலே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

"நம்ம ஈதான். பொகைக்குப் பயந்து இங்க வந்துருச்சு."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. வேற எங்க போயிருக்கும்?"

இப்படியாக, காட்டில் தேன் எடுக்கும் புகையின் மாதிரியை எலெக்ட்ரானிக் சிட்டியின் ஏழாவது மாடியில் எடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு கேமராவை எதிர் மாடியில் நிறுத்துவார்கள். கட்டடத்தில் புகை போட்டால் தீ அலாரம் அடிக்கும். ஆகவே அதைத் தீ ஒத்திகையாக அறிவிக்க வேண்டும். வேலை நாளில் கூடாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஒத்திகை என்றால் வெளியேறுவதற்கு உள்ளே ஆள் வேண்டும். ஆகவே ஞாயிறு காலை எட்டரைக்குக் கம்பெனி வண்டிகள் ஊரெல்லாம் சுற்றி நாற்பது பேரை அழைத்து வந்தன. ஒன்பது மணிக்கு வெளியேறுவதற்காக அவர்கள் எட்டே முக்காலுக்கு உள்ளே போனார்கள்.

பாதுகாப்பு அதிகாரி நைலான் பட்டைகளும் இரும்புக் கொக்கியும் கொண்ட ஹார்னஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். மூத்தவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இத எதுல மாட்டுவீங்க?"

"மாடிச் செவுத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கு. அதுல."

"இரும்புக்கு அக்கா தங்கச்சி இருக்காளா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மைத்துனர் என்னிடம் முன்பே சொல்லியிருந்ததை நான் விளக்கினேன். பாறையில் இறங்குகிறவனுடைய வடத்தை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் காக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கூடப்பிறந்தவன் பிடித்தால் சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிடக்கூடும். மைத்துனன் விடமாட்டான், விட்டால் அவன் அக்காவின் தாலி போய்விடும்.

"அக்கா தாலி மட்டுமா?" என்றார் மைத்துனர். "அப்புறம் அவ நாலு புள்ளைங்களோட எங்க வீட்டுக்கு வந்துடுவா. எங்க வூட்டுக்காரி என்னைய பாறையில தள்ளிடுவா."

இருந்தாலும் படிவம் நிரப்பாமல் யாரையும் இறக்க முடியாது. நான்தான் நிரப்பினேன். 'கயிறு தாங்கும் இடம்' என்பதில் 'மனைவியின் தம்பி' என்று எழுதினேன். 'சான்றிதழ்' என்பதில் 'திருமணம்' என்று எழுதினேன். 'காலாவதியாகும் நாள்' என்பதற்கு எனக்குத் தெரியவில்லை. மூத்தவரைக் கேட்டேன்.

"எம் பொண்டாட்டி இருக்கறவரைக்கும்னு போடுங்கக்கா."

அப்படியே போட்டேன். அதிகாரி படித்துப் பார்த்தார். சரிபார்க்கும் பட்டியலில் இதைத் தவறு என்று சொல்ல இடமில்லை, கையெழுத்திட்டார். கடைசியில் மூத்தவர் ஹார்னஸும் மாட்டிக்கொண்டார், வடமும் கட்டிக்கொண்டார். இரும்பு வளையம் ஹார்னஸைப் பிடித்தது. மைத்துனர் இரண்டையும் பிடித்தார்.

ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. நாற்பது பேரும் அமைதியாக வெளியேறிப் பச்சைப் பலகையின் கீழ் நின்றார்கள். மேலிருந்து மூத்தவர் கத்தினார்.

"சென்ட்டு போட்டவங்க எல்லாம் தள்ளி நில்லுங்க! ஈக்குப் புடிக்காது!"

நாற்பது பேரும் தள்ளி நின்றார்கள். பச்சைப் பலகை தனியாக நின்றது.

இலைப்பந்தம் இறங்கியது. வெள்ளைப் புகை, நூல் போல, நான் மூன்று முறை பார்த்த அதே புகை, அடைகளைத் தொட்டுக்கொண்டு மேலேறியது. மூத்தவர் ஒரு கையால் சுவரைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். வாயில் ஏதோ பாடுவது போலிருந்தது. தேனீக்கள் பெரிய திரைபோல எழுந்து பக்கத்துக் கம்பெனியின் கட்டடத்துக்குப் போயின. அவர்கள் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்திருக்கவில்லை.

நானும் மேலாளரும் எதிர் மாடியில் திரைமுன் நின்றோம். அன்று நகரத்தின்மேலும் மெல்லிய புகைமூட்டம் இருந்தது, வானம் பால் கலந்தது போல. மஞ்சள் கட்டம் வந்தது. சோதனைக்காக அன்று கணினியே வகையைச் சொல்லும்படி வைத்திருந்தார்கள். அது நன்கு யோசித்துவிட்டுச் சொன்னது: மேகம்.

மேலாளர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் மேகம்.

"சாம்பிள் ரிஜெக்ட் மேடம்" என்றார் வருத்தமாக. "சிஸ்டம் ஷ்யூரா இருக்கு. ஷ்யூரா இருக்கற விஷயத்துக்குப் புது கேட்டகரி தர மாட்டாங்க."

மூத்தவர் கூடையோடு வந்தார். கையெல்லாம் தேன், நெற்றியில் இரண்டு கொட்டு. விஷயத்தைச் சொன்னேன். திரையைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார்.

"மெஷினே மேகம்னு சொல்லுதேக்கா. நீங்க ஏன் தீங்கறீங்க?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. கையேட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் 'பார்வையாளர் பிழை ஒப்புதல்' என்று ஒரு படிவம் இருக்கிறது. பார்வையாளரே தன் பதிவு தவறு என்று எழுதிக் கொடுத்தால் சீட்டு ரத்தாகும். யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. மேலாளருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். அவர்கள் முதலில் வந்த செவ்வாய்க்கிழமையே தெரியும்.

படிவத்தில் 'சரியான வகை' என்று ஒரு கட்டம் உண்டு. அதிலும் அதே நான்குதான். நான் பார்த்தது புகை. அது மூடுபனி இல்லை, தூசி இல்லை, மேகம் இல்லை. எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் நான் பொய் சொன்னவளாவேன். ஒரு பொய்யும் இல்லாத மூன்று வருடப் பதிவேடு என்னுடையது. அந்தப் பதிவேட்டுக்காக ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மழைக்கு இருந்த இருபது நாளில் ஐந்து. கடிகாரத் தொழிற்சாலையில் நான் தள்ளுபடி செய்த எதையும் யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று படிவங்கள் நிரப்பினேன். சரியான வகை: மேகம், மேகம், மேகம். 'பிழைக்கான காரணம்' என்பதில் 'கவனக்குறைவு' என்று எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது. மேலாளர் படித்துவிட்டு, "மேடம், மூணு ஸ்லிப் ஆனா பத்து நாள் ஃப்ரெஷர்ஸ் ட்ரெய்னிங் போகணும். தெரியும்ல?" என்றார். தெரியும், அது முப்பத்து மூன்றாம் பக்கம்.

சீட்டு ரத்தாகி, அது அந்த அலுவலகத்துக்குப் போய், அனுமதி திரும்ப வர இன்னும் ஆறு நாள் ஆயிற்று. ஞாயிறு மாலை மைத்துனர் ஃபோன் செய்தார்.

"பாஸ் வந்துருச்சுக்கா. நாளைக்குப் பத்து மணிக்குக் கெழக்குப் பாறையில எறங்கறோம். நீங்கதான பாப்பீங்க?"

நான் பார்க்கமாட்டேன் என்று சொன்னேன். நான் ஐந்தாவது மாடியில் பயிற்சி வகுப்பில் இருப்பேன். என் நாற்காலியில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். மிகவும் சரியான மனிதர், கையேடு மனப்பாடம். அவர் மூன்று முறை தீ என்று அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் பத்து மணிக்குப் பயிற்சியாளர் புகையையும் மேகத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று நடத்திக்கொண்டிருந்தார். புகை கீழிருந்து கிளம்பும், மேகம் கிளம்பாது. குறித்துக்கொண்டேன். குறித்துவிட்டு, கழிப்பறைக்கு என்று கையைத் தூக்கிவிட்டு, படியில் இறங்கி மூன்றாவது மாடிக்கு ஓடினேன்.

கிழக்குப் பாறையில் மஞ்சள் கட்டம் வந்துவிட்டிருந்தது. ராணுவக்காரரின் விரல் 'தீ'யின் மேல் இருந்தது.

"மேகம்" என்றேன் மூச்சு வாங்க.

"இது கீழேருந்து மேல போகுதே மேடம்."

"ஆமாம்."

"பாறையிலேருந்து வருது."

"ஆமாம். மேகம்."

கணினியில் ஏழு நொடி மிச்சமிருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர்டரா மேடம்?"

பயிற்சியில் இருப்பவருக்கு உத்தரவிட அதிகாரம் இல்லை. கையேட்டில் அது எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

"ஆர்டர்தான்" என்றேன்.

அழுத்தினார். கட்டம் மறைந்தது. புகை மட்டும் நூல் போல நின்றது. பாறையின் விளிம்பில், மிகச் சிறியதாக, ஒரு புள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது மைத்துனராகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு புள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் நின்று பார்த்தோம். கீழ்ப் புள்ளி மேலே ஏறி வந்து சேரும்வரை நான் வகுப்புக்குத் திரும்பவில்லை.

மதியம் ஃபோன் வந்தது. பின்னால் மூத்தவர் யாரையோ திட்டுவது கேட்டது.

"மூணே மூணு அடைக்கா. பாதிக்குமேல காலி" என்றார் மைத்துனர். "தெக்கால வானம் கறுத்துக் கெடக்கு, மழை சீக்கிரமே வந்துடும்போல. நாளைக்குக் காலைல இன்னும் ரெண்டு எடம் பாத்துடறோம். ஒம்போதரைக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு. மேகம் போட்டு வைக்கச் சொல்லுங்க."